இடுப்பில் துப்பாக்கியோடு அரசுக் கட்டடத்துக்குள் போகலாமா?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. அங்கே வெர்மான்ட் தெருவும் 7ஆவது தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு பக்கம் தபால் நிலையம், சாலையைக் கடந்தால் நகர நூலகம். இரண்டும் அரசு இடங்கள்தான். சட்டைக்கு அடியில், இடுப்பு உறையில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பது. அவர்மேல் எந்த வழக்கும் கிடையாது. துப்பாக்கி கடையில் முறைப்படி வாங்கியது. அவர் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வரலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. அதே ஆள் அதே துப்பாக்கியோடு சாலையைக் கடந்து, ஸ்டாம்ப் வாங்கத் தபால் நிலையத்துக்குள் கால் வைத்தால், மத்திய அரசு அவர்மேல் வழக்குப் போடலாம்.

ஏன் இப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். "அமெரிக்காவில் அரசுக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாமா" என்று யாராவது கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. திருப்பி மூன்று கேள்வி கேட்க வேண்டும். கட்டடம் யாருடையது? உள்ளே என்ன நடக்கிறது? வாசலில் யார் நிற்கிறார்கள்? என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் சுவாரசியமானது. ஆனால் முதலிரண்டைத் தாண்டித்தான் அதற்கு வர முடியும்.

அதற்கு முன் ஒரு சொல். "கன்சீல்டு கேரி" என்றால் துப்பாக்கியை வெளியே தெரியாமல் உடம்பிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு நடமாடுவது. எல்லாரும் பார்க்கும்படி இடுப்பில் தொங்கவிட்டால் அது "ஓப்பன் கேரி". இரண்டுக்கும் பல மாநிலங்களில் வேறு வேறு விதி. மறைத்து வைத்துக்கொள்ள முன்பெல்லாம் பெரும்பாலான மாநிலங்களில் பெர்மிட் வேண்டும். பயிற்சி வகுப்பு, கைரேகை, காவல்துறை சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகு கையில் ஒரு அட்டை தருவார்கள். இப்போது அந்த அட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாநிலங்கள் 29. கான்சஸ் 2015இலும் டெக்சாஸ் 2021இலும் அந்த வரிசையில் சேர்ந்தன. அதனால் லாரன்ஸ்காரரிடம் பெர்மிட் இருக்கிறதா என்று நாம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

சரி, முதல் கேள்வி. கட்டடம் யாருடையது?

அமெரிக்காவில் "அரசு" என்பது ஒன்றல்ல. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு, மாநில அரசு, அதற்குக் கீழே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), நகராட்சி, தனி வாரியங்கள் என்று அடுக்கு அடுக்காக இருக்கிறது. மத்திய அரசின் கட்டடங்களுக்கு மத்திய அரசின் சட்டம். அதில் மாநிலம் கொடுத்த பெர்மிட் செல்லாது. மத்தியச் சட்டத் தொகுப்பில் குற்றங்களுக்கான 18ஆம் பகுதியில் 930ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசுக்குச் சொந்தமான, அல்லது அது வாடகைக்கு எடுத்திருக்கிற கட்டடத்தில், அரசு ஊழியர்கள் வழக்கமாக வந்து வேலை பார்க்கிற பகுதிக்குள் துப்பாக்கியோ வேறு ஆபத்தான ஆயுதமோ தெரிந்தே கொண்டுபோனால் ஓராண்டு வரை சிறை. மத்திய அரசின் கோர்ட் என்றால் இரண்டாண்டு வரை. உள்ளே போய்க் குற்றம் செய்கிற நோக்கத்தோடு கொண்டுபோயிருந்தால் ஐந்தாண்டு வரை.

"வாடகைக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைத்தெருவில் பல் டாக்டருக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதிய) அலுவலகம் ஒன்று இருக்கும். கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் அந்த ஒரு பகுதி மட்டும் 930ஆவது பிரிவின் கீழ் வந்துவிடும். பீட்சாக் கடைக்கு மாநிலச் சட்டம், பக்கத்துக் கதவுக்கு மத்தியச் சட்டம்.

இதே பிரிவில் எனக்குப் பிடித்த இரண்டு சின்ன விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான அலகு உள்ள மடக்குக் கத்தி ஆபத்தான ஆயுதக் கணக்கில் வராது. சாவிக் கொத்தில் தொங்குகிற குட்டிக் கத்தி பிழைத்துப்போகும். இரண்டு, பொதுமக்கள் நுழைகிற ஒவ்வொரு வாசலிலும் "துப்பாக்கி கூடாது" என்று கண்ணில் படும்படி அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை, அவருக்கு வேறு வழியிலும் விஷயம் தெரியாது என்றால் தண்டிக்க முடியாது. அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தில் வாசலில் ஒட்டுகிற ஒரு தாளுக்கு இருக்கிற மரியாதை சாதாரணமானதல்ல. இந்தத் தாள் பின்னாலும் வரும்.

தபால் நிலையம் இதைவிடக் கண்டிப்பு. அதற்கென்று தனி விதி இருக்கிறது. கட்டடம் மட்டுமல்ல, தபால் துறைக்குச் சொந்தமான இடம் முழுவதும் அதில் அடக்கம். கார் நிறுத்துமிடமும் சேர்த்துத்தான். துப்பாக்கியை காரிலேயே பூட்டிவிட்டு உள்ளே போனாலும், கார் நிற்பது தபால் துறை மண்ணில் என்றால் விதியை மீறியதாகத்தான் கணக்கு. கொலராடோவில் ஏவன் என்ற மலை ஊரில் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் வீட்டுக்குத் தபால் வந்து கொடுக்க மாட்டார்கள், ஊருக்குள் காரில் போய்த்தான் எடுத்துவர வேண்டும். துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டாவது போகக்கூடாதா என்பது அவர் கேள்வி. கீழ்க் கோர்ட் கார் நிறுத்துமிடம் வரைக்கும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. 2015இல் மேல்முறையீட்டுக் கோர்ட் அதையும் தள்ளிவிட்டது. கட்டடமும் அதை ஒட்டிய வண்டி நிறுத்துமிடமும் ஒன்றுதான் என்று தீர்ப்பு.

தேசியப் பூங்காக்கள் இதற்கு நேர் எதிர். 2009இல் கிரெடிட் கார்டு கம்பெனிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அதில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பத்தியைச் செருகினார்கள். பூங்காவுக்குள் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது அந்தப் பத்தி. 2010 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே யெல்லோஸ்டோனில் மலைப்பாதையில் துப்பாக்கியோடு நடக்கலாம். நடந்து களைத்து, வரைபடம் வாங்கலாம் என்று பார்வையாளர் மையத்துக்குள் நுழைந்தால் கூடாது. அது ஊழியர்கள் வேலை பார்க்கிற மத்திய அரசுக் கட்டடம். வாசலில் தாளும் ஒட்டியிருக்கும். கரடி நடமாடும் காட்டில் கூடும், கரடி பொம்மை விற்கிற இடத்தில் கூடாது.

அடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி. இது உச்ச நீதிமன்றத்தின் பாதை.

அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கவும் தரிக்கவும் மக்களுக்குள்ள உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது தனிமனித உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியா போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்தார். பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற "உணர்வுமிக்க இடங்களில்" (சென்சிடிவ் பிளேசஸ்) ஆயுதத்தைத் தடுக்கிற சட்டங்களை இந்தத் தீர்ப்பு சந்தேகத்துக்கு உள்ளாக்கவில்லை என்றார். அவ்வளவுதான். எது உணர்வுமிக்க இடம், ஏன் உணர்வுமிக்கது என்று விளக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கீழ்க் கோர்ட்டுகள் பதினான்கு வருடம் ஓட்டின.

2022 ஜூனில் ப்ரூவன் வழக்கு. நியூயார்க் மாநிலத்துக்கு எதிரானது. வெளியே துப்பாக்கி எடுத்துப்போவதும் உரிமைதான் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதோடு நீதிபதி தாமஸ் ஒரு புது அளவுகோலையும் வைத்தார். இன்றைக்கு ஒரு தடை போட வேண்டுமானால், அதைப் போன்ற தடை இந்த நாட்டின் பழைய வரலாற்றில் இருந்தது என்று அரசு காட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் தெளிவாகத் தேறுகிற இடங்கள் என்று அவர் மூன்றைச் சொன்னார்: சட்டமன்றம், வாக்குச்சாவடி, கோர்ட். கூட்டம் கூடுகிறது, போலீஸ் இருக்கிறது என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் உணர்வுமிக்க இடம் என்று அறிவிக்க முடியாது என்றும் எழுதினார்.

இந்த மூன்றுக்குள் வராத அரசுக் கட்டடங்கள்? அங்கேதான் சண்டை. தபால் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடு பிறந்தபோதே தபால் நிலையம் இருந்தது. 2024 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஒரு வழக்கு. டாம்பாவில் தபால் லாரி ஓட்டுகிற ஊழியர் ஒருவர், மாநில லைசென்ஸ் உள்ளவர், இடுப்புப் பையில் ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கியோடு வேலைக்கு வந்தார் என்று 930ஆவது பிரிவில் குற்றச்சாட்டு. மத்திய அரசு 1964 வரைக்கும் அரசுக் கட்டடங்களில் துப்பாக்கியைத் தடுக்கவில்லை, தபால் நிலையங்களில் 1972 வரைக்கும் தடுக்கவில்லை, அப்புறம் எங்கே இருக்கிறது வரலாறு என்று கேட்டு, நீதிபதி அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். ஒன்பது வருடம் முன்னால் கொலராடோவில் கார் நிறுத்துமிடத்துக்கே அனுமதி மறுத்தது தபால் துறையின் தனி விதி, இது 930ஆவது பிரிவு; ஆனால் இடம் அதே தபால் நிலையம்தான். ஒரு கோர்ட்டில் ஒருவர் ஜெயித்துவிட்டார் என்பதற்காக நாடு முழுக்கத் தபால் நிலையம் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வாசலில் தாள் அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம்பி உள்ளே போகிறவர் தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இனி மூன்றாவது கேள்வி, வாசல்.

கோர்ட்டும் சட்டமன்றமும் ஏன் தனி என்று யோசித்தால் ஒரு பதில் கிடைக்கிறது. அங்கே நுழையும்போது உங்களிடம் இருப்பதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பதிலுக்கு, உள்ளே உங்கள் பாதுகாப்பை அவர்கள் ஏற்கிறார்கள். மெட்டல் டிடெக்டர், ஆயுதம் ஏந்திய காவலர், பையைத் துழாவுகிற மேஜை எல்லாம் அதற்குத்தான். அப்படியென்றால் காவலரும் இல்லை, டிடெக்டரும் இல்லை, கண்ணாடிக் கதவில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருக்கிற அலுவலகம் எந்த உரிமையில் உங்கள் துப்பாக்கியை வெளியே வைக்கச் சொல்கிறது? ஸ்டிக்கர் நல்லவனை மட்டும்தானே தடுக்கும்?

இந்த வாதத்தை அப்படியே சட்டமாக்கிய மாநிலம்தான் கான்சஸ். 2013 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் சொல்வது இது. மாநில, நகராட்சிக் கட்டடங்களில் மறைத்து வைத்த துப்பாக்கியைத் தடுக்க வேண்டுமா? தடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொதுமக்கள் நுழைகிற வாசல்கள் எல்லாவற்றிலும் ஆயுதத்தைக் கண்டுபிடிக்கிற கருவியும் அதை இயக்க ஆளும் இருக்க வேண்டும். சட்டத்தின் மொழியில் "போதுமான பாதுகாப்பு ஏற்பாடு". ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் செல்லாது. ஏற்பாடு இல்லாவிட்டால் மக்களும் கொண்டுவரலாம், அங்கே வேலை பார்க்கிறவர்களும் கொண்டுவரலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வாசலுக்கு ஒரு டிடெக்டர், அதற்கு ஷிஃப்டுக்கு இரண்டு ஆள் என்று வையுங்கள். இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிற நூலகத்துக்குச் சம்பளக் கணக்கே புத்தகம் வாங்குகிற காசை விழுங்கிவிடும். நகராட்சிகள் கால அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டன. நான்கு வருட விலக்கு முடிந்தபோது, கோர்ட் மாதிரி ஏற்கெனவே சோதனை இருந்த இடங்களைத் தவிர மற்ற பெரும்பாலான இடங்களில் கதவைத் திறந்துவிடுவதுதான் கட்டுப்படியான வழியாக இருந்தது. ஆரம்பத்தில் பார்த்த நூலகத்தில் நம் ஆள் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடிவது இதனால்தான்.

பல்கலைக்கழகங்களுக்கும் 2017 ஜூலை 1 வரைதான் விலக்கு. லாரன்ஸில் இருக்கிற கான்சஸ் பல்கலைக்கழகம் வகுப்பறைக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் டிடெக்டர் வைக்க முடியாது. ஆகவே வகுப்பில் மறைத்து வைத்த துப்பாக்கி சட்டப்படி சரி. அந்த ஆகஸ்டில் அங்கே திரைப்படம் கற்பித்த பேராசிரியர் கெவின் வில்மாட் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து வகுப்புக்கு வந்தார். இரண்டு வருடத்துக்குள் ஆஸ்கர் வாங்கிய திரைக்கதையாசிரியர் அவர்தான். ஆனால் அதே வளாகத்தில், பதினைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காருகிற ஆலன் ஃபீல்டுஹவுஸ் அரங்கில் கூடைப்பந்து ஆட்டம் என்றால் வாசலில் டிடெக்டர் வந்துவிடும். டிக்கெட் விற்றுக் காசு வருகிற இடம் அது. வேதியியல் வகுப்புக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

மருத்துவமனைதான் இந்தச் சட்டத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. மாநிலம் நடத்துகிற மனநல மருத்துவமனைகளுக்கும் இதே விதி. நோயாளி துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்பது வேறு சட்டம். ஆனால் பார்க்க வருகிற உறவினரை எப்படித் தடுப்பது? ஒவ்வொரு வாசலிலும் ஆள் போட வேண்டும். நான்கு மருத்துவமனைகளுக்கு அதைச் செய்ய வருடத்துக்கு ஏறக்குறைய 1 கோடி 20 லட்சம் டாலர் வேண்டும் என்று அப்போதைய ஆளுநர் சாம் பிரவுன்பேக் சட்டமன்றத்திடம் கேட்டார். துப்பாக்கி உரிமைக்கு ஆதரவான அதே சட்டமன்றம் செலவுக் கணக்கைப் பார்த்தது. 2017இல் மாநில, பொது மருத்துவமனைகளுக்கும் மனநல மையங்களுக்கும் நிரந்தர விலக்கு கொடுத்தது. அதாவது, டிடெக்டர் இல்லாமலே தடை செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. ஆளுநர் அதில் கையெழுத்துப் போடவில்லை, கையெழுத்து இல்லாமலே அது சட்டமாக விட்டுவிட்டார்.

டொபீக்காவில் இருக்கிற கான்சஸ் சட்டமன்றக் கட்டடத்திலும் 2014 முதல் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. 2017 ஜனவரியில் அங்கே ஒரு கமிட்டி அறையில் மேஜைக்கடியில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று கிடந்தது. தேடிப்பார்த்தால் அது ஒரு சட்டமன்ற உறுப்பினருடையது. கூட்டம் முடிந்து எழுந்து போனவர், கண்ணாடியை மறந்துவிட்டுப் போவதுபோல அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்லவன், கெட்டவன் என்று இரண்டே வகை வைத்துப் பேசுகிற விவாதத்தில் மறதிக்காரனுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. எனக்கு அவர்தான் அதிகம் பயம் தருகிறார்.

வாசல் வாதத்துக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சியின் இரண்டாம் எண் கட்டடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் அங்கேயே வேலை பார்த்த நகராட்சிப் பொறியாளர். அடையாள அட்டையைக் காட்டி நுழைகிற ஊழியர். பொதுமக்கள் வாசலில் எத்தனை டிடெக்டர் வைத்திருந்தாலும் அவர் வருகிற வழி வேறு. அந்த நகராட்சியில் ஊழியர்கள் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. ஒரு தரப்பு, "பார்த்தீர்களா, தடை இருந்தும் என்ன ஆயிற்று, உள்ளே இருந்தவர்கள் வெறுங்கையோடு மாட்டிக்கொண்டார்கள்" என்றது. மறுதரப்பு, "இன்னும் கண்டிப்பு வேண்டும்" என்றது. அடுத்த வருடம் வர்ஜீனியா சட்டமன்றம் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்ந்தது. நகராட்சிகளும் கவுண்டிகளும் தங்கள் கட்டடங்களில் துப்பாக்கியைத் தடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுத்தது.

ஜார்ஜியாவும் 2014இல் கான்சஸ் பாணிக்கே போனது. வாசலில் காவலர்கள் சோதிக்காத அரசுக் கட்டடத்துக்குள் லைசென்ஸ் உள்ளவர் போகலாம் என்று அப்போது வந்த சட்டம் சொன்னது. ஒஹையோ வேறு மாதிரி. அங்கே அரசுக் கட்டடம் என்றால் பொதுவாகத் தடைதான். ஆனால் முக்கியமாகத் தங்குமிடமாகவோ கழிப்பறையாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ ஓய்விடமாகவோ பயன்படுகிற கட்டடத்துக்குத் தடை இல்லை. நெடுஞ்சாலையில் அவசரத்துக்கு ஒதுங்குகிறவரைக் குற்றவாளி ஆக்கவேண்டாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசித்தவர் நிச்சயம் நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவராகத்தான் இருப்பார்.

டெக்சாஸ் பக்கம் போனால் தாளின் கதை முழுசாகத் தெரியும். அங்கே லைசென்ஸ் (அட்டை கட்டாயமில்லை என்றான பிறகும் விரும்பினால் எடுக்கலாம்) உள்ளவரை உள்ளே விடாமலிருக்க விரும்புகிறவர்கள் மாட்டுகிற பலகைக்குப் பேரே "முப்பது-நாட்-ஆறு". தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு அது. அமெரிக்காவில் பிரபலமான ஒரு துப்பாக்கித் தோட்டாவின் பேரும் அதேதான், கேட்கிற டெக்சாஸ்காரர் சிரிக்காமல் இருக்கமாட்டார். பலகையில் சட்டம் சொல்கிற வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணியோடு ஒட்டாத நிறம். எழுத்து சிறிதாக இருந்தால் பலகை செல்லாது.

தனியார் கடைக்காரர் இதைத் தாராளமாக மாட்டலாம். அரசு அலுவலகம் மாட்ட முடியாது என்பதுதான் விசேஷம். கோர்ட், வாக்குச்சாவடி மாதிரி சட்டமே தடை செய்த இடங்களைத் தவிர, வேறு அரசு இடத்தில் லைசென்ஸ்காரரைத் தடுத்தால் அபராதம் அந்த அரசு அலுவலகத்துக்கு. முதல் முறை நாளொன்றுக்கு 1,000 முதல் 1,500 டாலர். ஆஸ்டின் நகராட்சி மன்றக் கட்டடத்தில் காவலர்கள் லைசென்ஸ் உள்ளவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் வழக்குப் போட்டார். 2019இல் தீர்ப்பு வந்தது. ஆறு நாள் மீறலுக்கு, நாளுக்கு 1,500 வீதம், 9,000 டாலர். மாநில அரசு நகராட்சிக்கு அபராதம் போடுகிறது, அதுவும் துப்பாக்கியை வெளியே வைக்கச் சொன்னதற்காக. இந்த நாட்டில் "அரசு" ஒன்றல்ல என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அதே ஆஸ்டினில் இருக்கிற மாநிலச் சட்டமன்றத்தில் இன்னும் வேடிக்கை. 2010 ஜனவரியில் ஒருவர் அதன் படிக்கட்டில் நின்று வானத்தை நோக்கிச் சுட்டார். அதற்கப்புறம் வாசல்களில் மெட்டல் டிடெக்டர் வந்தது. ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் அட்டையைக் காட்டிவிட்டு, துப்பாக்கியோடே, தனி வழியில் போய்விடலாம். மற்றவர்கள் வரிசையில் நின்று பையைத் திறந்துகாட்ட வேண்டும். என்ன நடந்தது தெரியுமா? தினமும் பலமுறை உள்ளே போய்வருகிற லாபிக்காரர்களும் (உறுப்பினர்களிடம் ஆதரவு தேடுகிறவர்கள்) சில நிருபர்களும், துப்பாக்கி வாங்குகிற எண்ணமே இல்லாதவர்கள் உட்பட, வரிசையைத் தவிர்க்கவே லைசென்ஸ் எடுத்தார்கள்.

சொந்தக்காரர் அரசு, நடத்துகிறவர் தனியார் என்றால்? டல்லஸில் ஃபேர் பார்க் நகராட்சிக்குச் சொந்தம். வருடாவருடம் டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சியை அங்கே நடத்துவது ஒரு தனியார் அமைப்பு. 2023இல் பொருட்காட்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த வருடம் அந்த அமைப்பு பார்வையாளர்கள் யாரும் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்றது. நகராட்சி நிலத்தில் இப்படிச் செய்யலாமா என்று அட்டர்னி ஜெனரல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். பொருட்காட்சி தொடங்குவதற்குச் சரியாக முந்தின நாள், தடையை நிறுத்திவைக்க அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. தடையோடே பொருட்காட்சி நடந்தது.

விமான நிலையத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேருக்கு உபயோகமில்லாமல் போய்விடும். பெரும்பாலான அமெரிக்க விமான நிலையங்கள் நகராட்சிக்கோ கவுண்டிக்கோ சொந்தம். ஆகவே ஒரே கட்டடம் இரண்டாகப் பிரிகிறது. டிக்கெட் கவுன்டர், பெட்டி எடுக்கும் பெல்ட் இருக்கிற பகுதிக்கு மாநிலச் சட்டம். ஜார்ஜியா போன்ற மாநிலத்தில் அங்கே துப்பாக்கியோடு நிற்கலாம். டி.எஸ்.ஏ. (மத்திய அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) சோதனையைத் தாண்டிய அடுத்த அடிக்கு மத்தியச் சட்டம், அங்கே கண்டிப்பாகக் கூடாது. விமானத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால் குண்டுகளை எடுத்துவிட்டு, பூட்டிய கெட்டியான பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லி, சரக்குப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். இவ்வளவு தெளிவாக இருந்தும் 2024இல் நாடு முழுக்க சோதனை இடங்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குண்டு நிரப்பியவை. அட்லாண்டாவில் மட்டும் 440. பிடிபட்டவர்கள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்." மறுபடியும் அந்த மறதிக்காரர்.

2021 நவம்பர் 20, தேங்க்ஸ்கிவிங் கூட்டம். அட்லாண்டா விமான நிலையச் சோதனை இடத்தில் ஒருவரின் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் சட்டென்று பைக்குள் கைவிட்டு அதைப் பிடுங்கினார், துப்பாக்கி வெடித்துவிட்டது. கூட்டம் நாலாபக்கமும் ஓடியது. விமானங்கள் நிற்கிற இடம் வரைக்கும் ஆட்கள் போய்விட்டார்கள். குண்டு யார்மேலும் படவில்லை, நெரிசலில்தான் சிலருக்குக் காயம்.

பள்ளிகளுக்கு மத்திய அரசில் தனிச் சட்டமே இருக்கிறது, அது தனிக் கட்டுரை. போலீஸ்காரர்கள் பெரும்பாலும் இந்த விதிகளுக்கு வெளியே. 2004இல் வந்த ஒரு சட்டப்படி, பணியில் இல்லாத, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களும் எந்த மாநிலத்திலும் மறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசு இடங்களில் மாநிலம் போட்ட தடையை அந்தச் சட்டம்கூட மீறவில்லை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் பொதுமக்களுக்கு முழுத் தடை. உறுப்பினர்கள் மட்டும் தங்கள் அலுவலக அறையில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று 1967ஆம் வருட விதி ஒன்று சொல்கிறது.

கடைசியாக, இதைப் படிக்கிறவர்களில் அமெரிக்காவில் எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் விஷயத்தில் பேச்சு கட்டடத்தின் வாசலுக்கே வராது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். 1997இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஒரு சுற்றுலாப் பயணி சுட்ட பிறகு, 1998இல் வந்த விதி அது. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை போய்விடும். ஆனால் அந்த கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ நேர்காணலுக்குப் போகிற அலுவலகம் 930ஆவது பிரிவின் கீழ் வருகிற மத்திய அரசுக் கட்டடம். வாசலில் தாளும் ஒட்டியிருக்கும், டிடெக்டரும் நிற்கும். சாவிக் கொத்தில் குட்டிக் கத்தி தொங்கினால் அதையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சட்டப்படி அது இரண்டரை அங்குலத்துக்குள் என்று நேர்காணல் நாளன்று காவலரிடம் அளந்து காட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.